முந்நூற்று நான்கும் ஓமியும்

சென்ற ஆண்டு இரண்டாந் தவணையில் ஓர் இரவு. விடுதியிற் படிப்பு மணி ஒலித்து அரைமணி நேரம் கழிந்திருக்கும். மேல்மாடியின் கடைசி அறையில் விளக்கு எரிந்தது. வாசிக்கும் ஓசை மட்டும் கேட்கவில்லை. விளக்கு எரிந்தும் ஓசை கேளாத அறையில் ஒன்றில் உறக்கம் இருக்கும், அன்றேற் சீட்டு இருக்கும் என்பது விடுதிப் பொறுப்பாசிரியராயிருந்து யாம் கற்ற பாடம். கதவைத் திறந்தோம். கட்டிலின்மீது சீட்டுகள் நான்கு நான்காகப் பகிரப்பட்டுக் கிடந்தன. ஆயினும் ஒருவரும் ஆடவில்லை. ஐந்து மாணவரும் வாதாடிக்கொண்டிருந்தனர். நால்வர் 304 ஆடவேண்டுமென்றனர். வவுனியாவிலிருந்து புதிதாய்ச் சேர்ந்த ஐந்தாமவன், ஓமிதான் ஆடவேண்டுமென்று ஒற்றைக் காலில் நின்றான்.

கட்டைப் பறிமுதல் செய்து திரும்புகையில் அச்சிறுவன் வாயிலில் நின்று, “சேர், 304 திறமோ, ஓமி திறமோ?” என்று வினவினான். குறும்பாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டான். “படிப்புத் திறம்” என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தோம். ஆசிரியர் எவரும் சொல்லக்கூடிய விடைதான் அது. கட்டு எம் மேசை இழுப்பறையிற் கிடந்தது. வினா நெஞ்சிற் கிடந்தது.

விழா மலருக்குக் கட்டுரை வேண்டுமென மலர்க்குழுவினர் பணித்தபோது, தமிழாசிரியர் ஆதலின் இலக்கியப் பொருளொன்றையே எம்மிடம் எதிர்பார்த்திருப்பர். அவர்கள் பொறுத்தருள்க. அந்த மாணவனுக்குச் சொல்லாமல் விட்ட விடையை இங்கே எழுதத் துணிந்தோம். பணம் வைத்தாடும் சூதினைப்பற்றி யாம் பேச வரவில்லை. எம் வீட்டிற் புளியங்கொட்டையையன்றி வேறெதனையும் வைத்து ஆடியதில்லை.

இரண்டு ஆட்டங்களையும் அறியாதார் சிலரேனும் இம்மலரைப் படிக்கக்கூடும். அவர்பொருட்டுச் சில சொல்வோம். இரண்டிற்கும் கட்டு ஒன்றே. ஐம்பத்திரண்டு சீட்டில் இரண்டு முதல் ஆறு வரையுள்ளவற்றை நீக்கினால் எஞ்சுவன 32. ஆடுவோர் நால்வர், எதிரெதிரே அமர்வோர் கூட்டாளிகள். முதலில் ஆளுக்கு நான்கு சீட்டுப் பகிர்வர். அந்நான்கைக் கண்டே துரும்பு எதுவெனத் தீர்மானிக்கவேண்டும். பின்னர் எஞ்சிய நான்கும் வரும். இதுவரை இரண்டும் இரட்டைப் பிள்ளைகள்.

வேற்றுமை இதன்மேலேதான். ஓமியில் உலகியல்பான வரிசை: ஏஸ் தலை, அடுத்து இராசா, இராணி, ஜக் என இறங்கும். எண்ணுவது பிடிகளை மட்டுமே. எட்டுப் பிடியில் ஐந்தை எடுத்த தரப்பு வென்ற தரப்பு. 304 இலோ உலகம் தலைகீழாகிறது. ஏவலாளாகிய ஜக் முதலிடத்தில் இருந்து 30 புள்ளி பெறுகிறான். அடுத்தது ஒன்பது, 20 புள்ளி. ஏஸ் 11, பத்து 10. இராசாவுக்கு மூன்று, இராணிக்கு இரண்டு. எட்டும் ஏழும் வெறுஞ் சீட்டுகள். ஓரினத்துக்கு 76 ஆக நான்கினத்துக்கும் 304. ஆட்டத்தின் பெயரே அதன் கணக்கு. இராசாவைவிட ஒன்பதுக்கு மதிப்பு மிகுதி என்பதைச் சிறுவயதிற் கேட்டபோது யாம் அடைந்த மகிழ்ச்சி சொல்லுந்தரமன்று.

இந்த விந்தை எங்கிருந்து வந்தது? ஒல்லாந்தர் தம் நாட்டில் ஆடும் ‘கிளாவர்யாஸ்’ என்னும் ஆட்டத்திலும் துரும்பினத்தில் ஜக்கும் ஒன்பதுமே தலையாயவை. யாழ்ப்பாணம் 1658இல் ஒல்லாந்தர் கைப்பட்டது. ஒன்றரை நூற்றாண்டுக்குச் சற்றுக் குறைந்த காலம் அவர் ஆண்டனர். ஆட்டம் அவர் வழி நேரே வந்ததோ, இந்தியக் கரையைச் சுற்றி வந்ததோ, அதை ஆராய்ச்சியாளர்க்கு விடுகிறோம். சொற்கள் வந்த வழி எமக்குத் தெரியும். எம் முதியோர் கலாவரை, இஸ்கோப்பன், ஆடுத்தன் என்பர். சிங்கள மக்கள் கலாபர, இஸ்கோப்ப, ஹாரத, ருயித என்பர். ஒல்லாந்த மொழியிற் கிளாவரன், ஸ்கோப்பன், ஹார்த்தன், ரௌத்தன். ஒரே கட்டை இரு வீட்டாரும் ஒரே கடையில் வாங்கி வந்திருக்கிறோம்! மாணவர்க்குத் திசைச்சொல் கற்பிக்கையில் இவ்வெடுத்துக்காட்டை யாம் தவறவிடுவதில்லை. விடுதி விதிகளுக்கு மாறான அறிவு இவருக்கு எங்ஙனம் வந்தது என்று அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வர்.

304 இன் உயிர் இரண்டிடத்தில் உள்ளது. ஒன்று, கேள்வி. முதல் நான்கு சீட்டைக் கண்டதும், ‘நானும் என் கூட்டாளியும் இத்தனை புள்ளி எடுப்போம்’ என்று வாய்விட்டுக் கேட்கவேண்டும். சரிபாதி 152 ஆதலின் கேள்வி 160இல் தொடங்கும். காணாத நான்கையும், கூட்டாளி கையில் உள்ள எட்டையும் நம்பிக் கொடுக்கும் வாக்கு அது. வென்றால் எம்மூர் வழக்கில் ஒரு காய், தோற்றால் இரண்டு. 200க்கு மேற் கேட்டால் இரண்டும் மூன்றும். வாக்குத் தவறியவனுக்கு எப்போதும் ஒரு காய் கூடுதலான தண்டம். மற்றது, மூடிய துரும்பு. கேட்டவர் தம் சீட்டொன்றைக் கவிழ்த்து வைப்பார். துரும்பு எதுவென அவர் ஒருவரே அறிவார். கூட்டாளிக்கும் தெரியாது. இறக்கிய இனம் கையில் இல்லாதவர் தம் சீட்டைக் கவிழ்த்துப் போட, அது துரும்போ வெறுஞ் சீட்டோ என்று கேட்டவர் மட்டும் எடுத்துப் பார்ப்பார். அப்போது அவர் முகத்தையே மூவரும் பார்த்திருப்பர். துரும்பு என்னும் சொல்லுக்கு எம் மொழியில் அற்பமான சிறு கூளம் என்றும் பொருள். ஒரு சிறு துரும்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு மூவரை மூச்சடைக்கச் செய்யும் ஆட்டம் இது.

ஆகவே கணக்கும் நினைவும் நெஞ்சுரமும் உடையார்க்கு 304 ஏற்றது. தொரொன்டோவிலும் இலண்டனிலும் வாழும் எம் பழைய மாணவர் இன்றும் அதற்குப் போட்டி வைத்து ஆடுவதில் வியப்பில்லை. ஓமி சிறுபிள்ளை விளையாட்டு என்றே யாமும் நெடுங்காலம் எண்ணியிருந்தோம்.

யாம் 304 கற்றது மீசாலையில். 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் இரவு வலிகாமத்து மக்களோடு மக்களாய் நாவற்குழிப் பாலங் கடந்து நடந்தோம். தென்மராட்சியில் ஒரு பெரியவர் தம் வீட்டு விறாந்தையையும் ஓர் அறையையும் எம் குடும்பத்துக்கும் சிறிய தந்தையார் குடும்பத்துக்கும் தந்தார். எமக்கு அப்போது பதினைந்து வயது. பாடசாலை ஒழுங்காக இல்லை. குடாநாட்டில் மின்சாரம் 1990 முதலே இல்லை. ஜாம் போத்தலின் அடியிற் பஞ்சிட்டுச் சிறிதளவு மண்ணெண்ணெய் ஊற்றி எரிக்கும் விளக்கின் முன்னே, இரவு தோறும் நால்வர் அமர்வோம். ஐயாவும் யாமும் ஒரு பக்கம். சித்தப்பாவும் வீட்டுக்காரப் பெரியவரும் மறுபக்கம். அவ்வொளியிற் கலாவரையையும் இஸ்கோப்பனையும் பிரித்தறிவதே ஒரு வித்தை.

சித்தப்பா துணிந்து கேட்பார். கேட்டதை எடுக்க முடியாமற் போனாற் பெருங்குரலிற் சிரிப்பார். ஐயா அளந்து கேட்பார். யாம் கேட்பதேயில்லை. சீட்டு நன்றாய் வந்தால், அடுத்த நான்கு கெட்டு விடுமே என்று அஞ்சுவோம். கெட்டுவந்தாற் சொல்லவேண்டியதில்லை.

ஓர் இரவு நடந்ததை மறக்கமாட்டோம். சித்தப்பா 160 கேட்டார். எம் முறை. கையிற் கலாவரை ஜக், ஒன்பது, ஏஸ். அவற்றோடு ஆடுத்தன் ஜக். நான்கு சீட்டில் 91 புள்ளி! 304 ஆடுவோர் பலருக்கு ஆண்டுக்கொரு முறை வரக்கூடிய கை. யாம் “வேண்டாம்” என்றோம். பெரியவரும் வேண்டாமென்றார். கையில் ஒன்றுமில்லாத ஐயாவும் அவ்வாறே சொன்னார். சித்தப்பா துரும்பைக் கவிழ்த்தார். ஆட்டம் நடந்தது. எம் கலாவரை ஜக்கை மூடிய துரும்பால் வெட்டினார். 162 எடுத்துவிட்டனர்.

ஐயா, விழுந்த சீட்டுகளைப் புரட்டிப் பார்த்தார்.

“முதல் நாலிலேயே இதெல்லாம் இருந்ததோ?”

“ஓம், ஐயா.”

“பிறகேன் தம்பி பேசாமல் இருந்தனி?”

யாம் விடை சொல்லவில்லை. ஒரு புளியங்கொட்டை கைமாறியது, அவ்வளவே.

1996 ஏப்பிரலில் தென்மராட்சியும் இராணுவத்தின் வசமாகியபோது, வீடு திரும்புவதா, கிளாலிக் கடலேரி கடந்து வன்னிக்குப் போவதா என்று ஊரே இரண்டுபட்டது. ஐயா திரும்புவதென்றார். சித்தப்பா வாய் திறக்கவில்லை. அண்ணன் தம்பி இருவருக்கும் அக்காலத்திற் காணிப் பிரச்சினையொன்று இருந்தது. ஒருவரையொருவர் நேரே அழைக்க இருவருக்கும் மனம் வரவில்லை. முதல்நாள் இரவு ஐயா அம்மாவிடம், “அவனும் எங்களோடை வந்தால் எனக்கு ஆறுதல்” என்று சொன்னதை விறாந்தையிற் படுத்திருந்த யாம் கேட்டோம். மறுநாட் காலை கிணற்றடியிற் சித்தப்பா எம்மிடம், “என்ன பெறாமகன், ஐயா என்னைப்பற்றி ஏதும் சொன்னவரோ?” என்று கேட்டார். ஒட்டுக்கேட்டதைச் சொல்வது முறையோ, பெரியவர் பேச்சிற் சிறுவன் தலையிடலாமோ, சொன்னால் ஐயா சினப்பாரோ என்று எத்தனையோ கணக்குகள். “இல்லைச் சித்தப்பா” என்றோம்.

அன்று பின்னேரம் அவர்கள் கிளாலிக்குப் புறப்பட்டனர். 2009இல் மெனிக் பாம் முகாமிலிருந்து சித்தியும் மகளும் மட்டும் எம் வீட்டுக்கு வந்தனர். கிணற்றடியில் நடந்ததை ஐயாவிடம் யாம் சொல்லவில்லை. அவரும் இப்போது இல்லை.

பயிற்சிக் கலாசாலையில் இருந்த காலத்தும் மாலை வேளைகளில் 304 ஆடினோம். நல்ல கூட்டாளி என்று பெயரும் எடுத்தோம். எவர் எந்தச் சீட்டை இறக்கினார், துரும்பு இன்னும் எத்தனை வெளியே உண்டு என்பதெல்லாம் எமக்கு மனப்பாடம். பிறர் கேட்டதை எடுத்துக்கொடுப்பதில் எம்மை மிஞ்சுவாரில்லை. யாமாகக் கேட்டது மிக அருமை. 304 இல் இதற்கு இடமுண்டு என்பதை வாசகர் கவனிக்கவேண்டும். ஒருவர் கேட்டுவிட்டால் மற்றவர் ஒதுங்கிக்கொள்ளலாம். அஞ்சுபவனை அந்த ஆட்டம் கண்டுபிடிப்பதில்லை. ‘அவதானமானவன்’ என்று பாராட்டியும் விடும்.

2017ஆம் ஆண்டின் முற்பகுதியில், க. பொ. த. சாதாரண தரப் பரீட்சையின் இரண்டாம் மொழித் தமிழ் விடைத்தாள்களைத் திருத்தத் தென்னிலங்கைப் பாடசாலையொன்றுக்குச் சென்றிருந்தோம். சிங்கள மாணவர் எழுதிய தமிழ் விடைகள் அவை. திருத்துவோரிற் சிங்கள ஆசிரியர்களும் முஸ்லிம் ஆசிரியர்களும் எம்போன்றோரும் கலந்திருந்தோம். இரவில் வகுப்பறையின் வாங்குகளை ஒன்றுசேர்த்துப் படுக்கை. உறக்கம் வருமுன் ஓமி. குருநாகல் மாவட்டத்தைச் சேர்ந்த சிங்கள ஆசிரியர் ஒருவர் எம்மைத் தம் கூட்டாளியாக இருத்திக்கொண்டார். எம்மைவிடத் திருத்தமாகத் தமிழ் எழுதுபவர். பேசும்போது மட்டும் சற்றுத் தயங்குவார்.

முதல் ஆட்டத்திலேயே எதிர்த்தரப்பார் எட்டுப் பிடியையும் எடுத்துவிட்டு, எம் முகத்துக்கு நேரே “கபோதி!” என்று கூவினர். எம் ஊரில் இது கண்ணற்றவனைக் குறித்து ஏசும் சொல். திருத்தும் பணிக்கு வந்த இடத்தில் இவ்வாறு ஏச்சுக் கேட்க நேர்ந்ததே என்று திகைத்து எழுந்துவிட்டோம். கூட்டாளி சிரித்து, எட்டுப் பிடியும் ஒரே தரப்புக்குப் போனால் ஓமியில் அதற்குப் பெயர் கபோதி என்று விளக்கினார். ஐரோப்பியச் சீட்டாட்டங்களிலும் இதனைக் ‘கப்போ’ என்பர். எம் 304 இல் எல்லாப் பிடியும் எடுப்போமென அறிவிக்கும் ‘கப்ஸ்’ என்பதும் அதன் உறவினனாக இருக்கலாம். எனினும் அவ்வேளையில் யாம் ஏமாந்த கண்ணற்றவர்களாகவே இருந்தோம் என்பதால் தமிழ்ப் பொருளும் பொருந்தியது.

பின்பு துரும்பு சொல்லும் முறை எமக்கு வந்தது. ஓமியிற் கேள்வி இல்லை, இத்தனை எடுப்பேன் என்னும் வாக்கு இல்லை, மூடிவைத்தல் இல்லை. யார் முறையோ அவர் முதல் நான்கு சீட்டைக் கண்டு ஓர் இனத்தைப் பலரறியச் சொல்லவேண்டும். சொல்லாதிருக்க வழியில்லை. ‘வேண்டாம்’ என்னும் சொல்லே அங்கில்லை. எம் கையில் நான்கினத்துக்கும் ஒவ்வொன்று. ஏழு, எட்டு, பத்து, ஓர் இராணி. யாம் பார்த்தபடி இருந்தோம். வாங்கின் மேல் இருந்த மூவரும் எம்மைப் பார்த்தபடி இருந்தனர்.

“சேர், ஏதாவது ஒன்று சொல்லுங்கோ. நீங்கள் சொன்னால்தான் மற்ற நாலும் வரும்” என்றார் கூட்டாளி.

மற்ற நாலும் வந்த பின்னர்ச் சொல்லலாமென்று வாழ்நாள் முழுதும் காத்திருந்தவருக்கு அது புதுச் செய்தி. “ருயித” என்றோம். தோற்றோம். துரும்பு சொன்ன தரப்பு வென்றால் ஒரு காய், தோற்றால் எதிரிக்கு இரண்டு. ஓமியிலும் தண்டம் அப்படியே. ஆனால், கூட்டாளி எம் சீட்டைப் புரட்டிப் பார்க்கவில்லை. ஏன் அதைச் சொன்னாய் என்று எவரும் கேட்கவுமில்லை. சீட்டை அள்ளி அடுத்தவர் குலைத்தார். சில நாளில், சீட்டைக் கையில் எடுத்த கணமே சொல்லப் பழகிவிட்டோம். பல தடவை தவறாகவே சொன்னோம்.

ஆட்டமாக எடைபோட்டால் 304 உயர்ந்தது என்பதில் எமக்கு இன்றும் ஐயமில்லை. ஓமியிற் பாதி அதிட்டம். ஏஸும் இராசாவும் வந்தவன் வெல்வான். நினைவாற்றலுக்கு வேலை குறைவு. கணிதத்தில் வல்ல மாணவன் ஒரு கிழமையில் ஓமியிற் சலிப்படைவான். 304 இல் ஒரு வாழ்நாளிலும் சலிப்படையான். துணிந்த பிள்ளைக்கு 304 அளவைக் கற்பிக்கும். சித்தப்பாவைப்போல் வாய்க்கு வந்ததைக் கேட்பவன் தண்டங் கொடுத்துக் கொடுத்துத் தேறுவான். ஆனால், கையில் உள்ளதைச் சொல்ல அஞ்சும் பிள்ளையை முதலிற் 304 இல் அமர்த்துவது பிழை. அவன் ஒதுங்கி ஒதுங்கியே நல்ல பெயர் எடுத்துவிடுவான். அவனை ஓமியில் இருத்தவேண்டும். எம்மைப் பதினைந்து வயதில் எவரேனும் இருத்தியிருக்கலாம்.

தவணை முடிவுநாள். பரீட்சைகள் முடிந்து, வீடு செல்ல மாணவர் பெட்டி கட்டிக்கொண்டிருந்தனர். இழுப்பறையிலிருந்த கட்டை எடுத்துச் சென்று அந்த ஐவரிடமும் கொடுத்து, பத்து மணிவரை ஆடலாமென்றோம். எண்ணிப் பார்த்தனர், 31 சீட்டே இருந்தன. கலாவரை எட்டைக் காணவில்லை. பறிமுதல் செய்த அவசரத்தில் கட்டிலடியில் விழுந்து, கூட்டுபவர் எறிந்திருக்கவேண்டும். ஒருவன் கொப்பி மட்டையொன்றை வெட்டி, நீல மையினால் எட்டுக் கலாவரை வரைந்தான். முதுகுப்புறம் வேறாயிருந்தமையால், அதைக் கவிழ்த்து வைத்தாற் குருடனுக்கும் தெரியும். 304 ஆட முடியாது என்று அவர்களே முடிவு செய்தனர். வவுனியா மாணவன் முகத்தில் வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டான்.

பெட்டி கட்டி முடியாத இருவர் எழுந்துபோக, மற்றவர்களும் ஆளுக்கொரு பக்கம் அமர, ஓர் இடம் வெறிதாயிற்று. யாம் பாயில் அமர்ந்தோம். வவுனியா மாணவன் எமக்கெதிரே கூட்டாளி. சீட்டுப் பகிர்ந்தனர். துரும்பு சொல்லும் முறை எமக்கே வந்தது. எடுத்துப் பார்த்தோம்: இரண்டு ஏழு, ஓர் ஒன்பது, கொப்பி மட்டையில் வரைந்த கலாவரை எட்டு.

“இஸ்கோப்பன்” என்றோம்.